400 டிஸ்க் பிடிக்கும் டிவிடி சேஞ்சரை இப்போது செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா?

கேள்வியின் சாரம் இது: கையில் சுமார் 350 டிவிடி, 60 ப்ளூ-ரே. பழைய 400 டிஸ்க் சேஞ்சர், அதாவது பல டிஸ்க்கை உள்ளே வைத்துக்கொண்டு கேட்டதைத் தானே எடுத்து ஓட்டும் பிளேயர், ஒன்று விலைக்கு வருகிறது. எல்லாவற்றையும் உள்ளே அடுக்கிவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்து ரிமோட்டில் படம் தேர்ந்தெடுக்கலாமா?

டிவிடிக்கு என்றால் தாராளமாக வாங்கலாம். ப்ளூ-ரேயையும் அதே பெட்டியில் போட வேண்டும் என்று நினைக்காதீர்கள். 350 டிவிடியைச் சேஞ்சரில் வைத்துவிட்டு, 60 ப்ளூ-ரேக்குத் தனியாக ஒரு சாதாரண பிளேயர் வைத்துக்கொள்வதுதான் உங்கள் எண்ணிக்கைக்குச் சரியாக வரும்.

காரணம் சொல்கிறேன். சோனியின் டிவிபி-சிஎக்ஸ்995வி போன்ற டிவிடி சேஞ்சர்கள் 650 நானோமீட்டர் சிவப்பு லேசரால் படிப்பவை. ப்ளூ-ரேக்கு 405 நானோமீட்டர் லேசர் வேண்டும். ஆகவே அதில் ப்ளூ-ரே ஓடவே ஓடாது. 2009இல் வந்த பிடிபி-சிஎக்ஸ்960 போன்ற 400 டிஸ்க் ப்ளூ-ரே சேஞ்சர்கள் இரண்டையும் படிக்கும். ஆனால் ப்ளூ-ரேயை நகலெடுக்க விடாமல் தடுக்கும் பூட்டான ஏஏசிஎஸ் அவ்வப்போது புதுப்பிக்கப்படுவது. ஃபர்ம்வேர் (பிளேயரின் உள் மென்பொருள்) புதிதாக வருவது நின்றுபோன பிளேயரில், பிற்காலத்தில் வெளியான டிஸ்க் திறக்காமல் நின்றுவிடலாம். டிவிடிக்கு அந்தத் தொல்லை கிடையாது. அதன் பூட்டு ஆரம்பத்தில் இருந்ததேதான். அல்ட்ரா எச்.டி. ப்ளூ-ரே வாங்கும் எண்ணம் இருந்தால், இந்தச் சேஞ்சர்கள் எதுவும் அதைப் படிக்காது.

இன்னொன்று, 400 என்று போட்டிருந்தாலும் 400ஐயும் நிரப்பாதீர்கள். 40, 50 ஸ்லாட் காலியாக இருக்கட்டும். புதிதாக வாங்குவதற்கும், ஒரு தொடரின் ஐந்தாறு டிஸ்க்கைப் பக்கம் பக்கமாக வைப்பதற்கும் அந்த இடம் தேவைப்படும்.

வாங்கும் முன் சோதிப்பது எப்படி

முழுதாகக் காலி செய்த மெஷினில் 1, 100, 200, 300, 400 ஆகிய ஐந்து ஸ்லாட்டில் மட்டும் டிஸ்க் போடுங்கள். ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றி இருபது தடவையாவது அழைத்துப் பாருங்கள். டிஸ்க்குகளைத் தாங்கும் சக்கரம் சுற்றி நின்று, டிஸ்க்கைத் தூக்கி டிரைவில் செருகிப் படிக்கத் தொடங்க அரை நிமிடம் போல ஆவது இயல்பு. சரியான ஸ்லாட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வருவது, முன்னும் பின்னும் தடுமாறுவது, 'டிஸ்க் இல்லை' என்று காட்டுவது இவையெல்லாம் பெல்ட் தளர்ந்ததற்கோ சென்சாரில் தூசி படிந்ததற்கோ அடையாளம். அடுத்து, 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிவிடி ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டுங்கள். லேசர் சோர்ந்திருந்தால் அடுக்கு மாறும் இடத்திலும் அதற்குப் பிறகும்தான் படம் சிக்கும். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டாதீர்கள். ஒரு மணி நேரம் சூடான பிறகு மறுபடி ஐந்து ஸ்லாட்டையும் சோதியுங்கள்.

ஒரிஜினல் ரிமோட் இருக்கிறதா என்று கேளுங்கள். பெயர் பதிவது, கோப்புறை பிரிப்பது போன்ற வேலைகள் பல மாடல்களில் ரிமோட் இல்லாமல் நடக்காது. பின்பக்கம் எச்.டி.எம்.ஐ. இருக்கிறதா என்றும் பாருங்கள். முந்தைய மாடல்களில் காம்போனென்ட், காம்போசிட் போன்ற பழைய வகை இணைப்புகள் மட்டுமே இருக்கும். இன்றைய டிவி பலவற்றில் காம்போனென்ட் கிடையாது.

பெல்ட்: பாதிப் பிரச்சினை இங்கேதான்

பழைய சேஞ்சர் வேலை செய்யவில்லை என்றால் லேசரைச் சந்தேகிக்கும் முன் ரப்பர் பெல்ட்டைப் பாருங்கள். சக்கரத்தைச் சுற்றுவது, டிஸ்க்கைத் தூக்கிச் செருகுவது என்று மோட்டாரின் விசை பெல்ட் வழியாகப் போகும் இடங்கள் உண்டு. வருடங்கள் ஓடும்போது ரப்பர் இரண்டில் ஒன்று செய்யும்: விறைத்து வழுவழுப்பாகி வழுக்கும், அல்லது இளகித் தார் மாதிரி கப்பியில் ஒட்டிக்கொள்ளும். வழுக்கும்போது டிஸ்க்கைத் தூக்கும் கை முழுத் தூரம் போய்ச் சேராது. அது எல்லையைத் தொட்டதாகச் சென்சார் சொல்லாததால், மெஷின் சில நொடி காத்திருந்துவிட்டுப் பிழை காட்டும்.

மாற்றுவதற்கு மின்கம்பியைப் பிடுங்கி, பவர் சப்ளையின் கெப்பாசிட்டர் இறங்கப் பத்து நிமிடமாவது விடுங்கள். டிஸ்க் எல்லாவற்றையும் வெளியே எடுத்த பிறகுதான் மேல்மூடியைத் திறக்க வேண்டும். பழைய பெல்ட்டை எடுப்பதற்கு முன் அது எந்தக் கப்பியிலிருந்து எதற்குப் போகிறது என்று போனில் படம் எடுத்துவையுங்கள். பெல்ட்டின் குறுக்குவெட்டு சதுரமா வட்டமா, கனம் எத்தனை மில்லிமீட்டர், உள்விட்டம் எவ்வளவு என்று அளந்துகொள்ளுங்கள். பழையது நீண்டிருக்கும் என்பதால், அளந்த உள்விட்டத்தைவிட ஐந்து சதவீதம் போலக் குறைந்ததை வாங்குங்கள். அதற்கும் இறுக்கமாகப் போட்டால் மோட்டார் பேரிங்கில் பாரம் ஏறும். உருகிய ரப்பர் ஒட்டியிருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக் குச்சியால், கப்பியின் பள்ளத்தில் கறுப்பு வருவது நிற்கும்வரை துடையுங்கள். கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் புதிய பெல்ட் அங்கே வழுக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கறை விரலை விட்டுப் போகாது. பல்சக்கரங்களில் கெட்டிப்பட்ட பழைய கிரீஸைச் சுரண்டிவிட்டு, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத கிரீஸைத் துளியளவு வையுங்கள். பெல்ட்டில் படவே கூடாது.

லென்ஸைத் துடைக்க ஊதுபந்து போதும். அப்படியும் படிக்கவில்லை என்றால் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சை, அழுத்தாமல் ஒரே ஒரு முறை வட்டமாக ஓட்டுங்கள். பிரஷ் ஒட்டிய கிளீனிங் டிஸ்க்கைச் சேஞ்சரில் போடாதீர்கள். அது உள்ளே சிக்கினால் எடுப்பதற்குள் லென்ஸுக்கே சேதம் வரும்.

எந்த டிஸ்க் உள்ளே போகக்கூடாது

சாதாரண டிஸ்க்கின் கனம் 1.2 மில்லிமீட்டர், ஸ்லாட்டும் அந்தக் கனத்துக்கேற்றது. ஆகவே காகித லேபிள் ஒட்டிய டிஸ்க், வாடகைக் கடை ஸ்டிக்கர் பிய்ந்து தொங்கும் டிஸ்க், விளிம்பு விரிசல் விட்ட டிஸ்க் எதுவும் போகக்கூடாது. 8 செ.மீ. சிறிய டிஸ்க், ஒரு பக்கம் சிடி மறுபக்கம் டிவிடி என்று ஒட்டப்பட்ட கனத்த டிஸ்க் இவையும் வெளியேதான். இரண்டு பக்கமும் படம் உள்ள டிவிடிக்கு, மறுபக்கம் பார்க்க நீங்களேதான் எடுத்துத் திருப்பிப் போட வேண்டும். சிக்கல் வருவதற்குப் பெரும்பாலான காரணம் ஒன்றே: ஒரே ஸ்லாட்டில் தெரியாமல் இரண்டு டிஸ்க் செருகுவது. அடுக்கும்போது பத்துப் பத்தாகச் செருகி, ஒவ்வொரு பத்துக்கும் ஒருமுறை மேலிருந்து எண்ணிப் பாருங்கள். லேபிள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதைக் கையேட்டைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

டிஸ்க் சிக்கிவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, தூக்கும் கையின் பல்சக்கரத்தை விரலால் மெதுவாகத் திருப்பினால் பிடி தளரும். அதன் பிறகு டிஸ்க் தானாக வரும்.

பட்டியல்தான் உயிர்

ஸ்லாட்டுகளை அகரவரிசையில் அடுக்காதீர்கள். அ-வில் புதிதாக ஒரு படம் வாங்கினால் பின்னால் உள்ள 300 டிஸ்க்கையும் நகர்த்த வேண்டிவரும். வாங்கிய வரிசையில் எண் கொடுங்கள். அந்த எண் மாறவே கூடாது. வரிசைப்படுத்தும் வேலையை எக்செல் ஷீட்டுக்கு விட்டுவிடுங்கள். ஸ்லாட் எண், படப் பெயர், மொழி, ஆண்டு, ரீஜியன் (எந்த நாட்டுப் பகுதிக்கான டிஸ்க் என்ற எண்), எத்தனையாவது டிஸ்க் என்று ஆறு பத்தி போதும். சேஞ்சரின் நினைவில் பதிந்த பெயர்களை மட்டும் நம்பாதீர்கள். ரீசெட் செய்தால் அத்தனையும் அழியும். ஒரு டிஸ்க்குக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் 350 பெயரை மறுபடி அடிக்கக் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் ஆகும்.

காலியான டிவிடி பெட்டி ஒன்று 14 மில்லிமீட்டர்; 350 பெட்டிக்குக் கிட்டத்தட்ட 5 மீட்டர் அலமாரி வேண்டும். இடமில்லையென்றால் அட்டைகளை மட்டும் உருவி, ஸ்லாட் எண் எழுதி ஃபைலில் போடுங்கள். பெட்டிகளைத் தூக்கிப்போடும் முன் உள்ளே துண்டுப் பிரசுரமோ இரண்டாவது டிஸ்க்கோ இருக்கிறதா என்று பாருங்கள்.

வைக்கும் இடம் மட்டமாக இருக்கட்டும், ஆம்ப்ளிஃபையரின் மேல் வேண்டாம். சூடு பெல்ட்டின் ஆயுளைக் குறைக்கும். பொதுவாக இவற்றின் ஆழம் அரை மீட்டரை ஒட்டியிருக்கும், சாதாரண டிவி ஸ்டாண்டில் பின்பக்கக் கேபிளுக்கு இடம் பற்றாது, முதலில் அளந்துகொள்ளுங்கள்.

ஹார்ட் டிஸ்க்கில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டால் என்ன என்றும் தோன்றும். ஒரு டிவிடிக்கு 7 ஜிபி வைத்தால் 350க்கு ஏறத்தாழ 2.5 டிபி, இடம் ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் பூட்டை உடைத்து நகலெடுப்பது பல நாடுகளில் சட்டப்படி தடுக்கப்பட்டது. மெனு, கூடுதல் காட்சிகள், விளக்கவுரை ஒலித்தடம் எல்லாம் அப்படியே வேண்டும் என்பவருக்கு டிஸ்க்கையே ஓட்டும் சேஞ்சரில் கிடைக்கும் நிறைவு வேறு.

இடம் மாற்ற நேர்ந்தால் டிஸ்க்கோடு தூக்காதீர்கள். ஒரு டிவிடி 16 கிராம் போல இருக்கும். 350 டிஸ்க் ஐந்தரைக் கிலோ. ஆட்டத்தில் இரண்டு ஸ்லாட்டுக்கு நடுவே ஒன்று விழுந்தாலும் சக்கரம் அதோடு நின்றுவிடும். 50 டிஸ்க் பிடிக்கும் கேக் பாக்ஸ் (நடுவே குச்சியுள்ள வட்ட டிஸ்க் டப்பா) ஏழு வாங்கி, 1 முதல் 50, 51 முதல் 100 என்று மூடியில் எழுதி, வரிசை மாறாமல் எடுத்து அடுக்குங்கள். புதிய இடத்தில் ஒரு மணி நேரம் விட்டு, உள்ளே ஈரம் படிந்திருந்தால் அது காய்ந்த பிறகு, முதல் ஐந்து டிஸ்க்கை மட்டும் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றதை ஏற்றுங்கள்.