பழைய குளிசையும் புதிய குளிசையும்: இரண்டையும் கொடுக்கலாமா?

கேள்வி: முத்தையன்கட்டில் இருக்கிறோம். அப்பாவுக்கு 78 வயது. பிரஷரும் சீனி வருத்தமும் உண்டு. தலைசுற்றி விழுந்து, நாலு நாள் வார்ட்டில் இருந்து வந்திருக்கிறார். துண்டு வெட்டி வீட்டுக்கு விடும்போது ஆறு விதக் குளிசையும் அவற்றை எழுதிய அட்டையும் தந்தார்கள். கிளினிக்கில் எடுத்த பழையவையும் வீட்டில் கிடக்கின்றன. இரண்டையும் கொடுக்கலாமா? யாரிடம் கேட்பது?

பதில்: சேர்த்துக் கொடுக்காதீர்கள். இப்போது தந்ததை அட்டையில் உள்ளபடி கொடுங்கள். பழையதை எறியாமல் தனியாகக் கட்டி வையுங்கள். பழையதில் இன்சுலின், வலிப்பு மருந்து, இதய மருந்து ஏதும் இருந்து அட்டையில் இல்லாவிட்டால், நாளைக்கென்று விடாமல் இன்றே ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.

ஆஸ்பத்திரியில் புதிதாகத் தொடங்கிய மருந்தை அட்டையில் எழுதுவார்கள். நிறுத்தியதை எழுதப் பல தடவை மறந்துபோகும். இதைவிடப் பெரிய தொல்லை பெயர்க் குழப்பம். அரசாங்க பாமசியின் கடதாசி உறையில் ‘லொசாட்டன்’ என்று பிரஷர் மருந்தின் பெயர் இருக்கும். தனியார் கடையில் வாங்கிய பெட்டியில் கம்பனிப் பெயர் இருக்கும். இரண்டும் ஒரே மருந்து என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. இரண்டையும் போட்டால் பிரஷர் இறங்கி, மனிதர் மறுபடி விழுவார்.

வயதானவர் விழுந்து வந்தால் மருந்தாளர் முதலில் குளிசைகளைத்தான் சந்தேகிப்பார். பிரஷருக்கு அம்லோடிபின் போட்டுச் சிலருக்குக் கால் வீங்கும். வீக்கத்துக்கென்று சலம் போக ஃபுரோசமைட் சேரும். இரவில் இரண்டு தரம் எழும்பி, இருட்டில் கிணற்றடிப் பக்கம் போவார். இடறி விழுந்த நோவுக்கு ஒருவர் டைக்குளோபினாக் கொடுப்பார். லொசாட்டன், ஃபுரோசமைட், டைக்குளோபினாக் மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனப் படுத்துவிடலாம். சிறுநீரக வருத்தம் ஏற்கெனவே பலரைப் பிடித்திருக்கும் வவுனியா, முல்லைத்தீவுப் பக்கத்தில் இது சின்ன விஷயமில்லை. நோவுக்கு பனடோல் போதும், அதுவும் சொன்ன அளவில்.

லாப் றிப்போட்டில் கிரியேற்றினின் (தசையில் ஊறி, சிறுநீரகம் வடித்து வெளியேற்றும் கழிவு) 1.2 என்றிருந்தால் ‘நோர்மல்’ என்று விட்டுவிடுவோம். 78 வயது, 45 கிலோ உள்ள ஆண் ஒருவருக்கு 1976இல் வந்த கொக்குறொப்ட்-கோல்ட் என்ற சிறுநீரகக் கணக்குச் சூத்திரத்தில் அதைப் போட்டுப் பாருங்கள்: சிறுநீரகம் நிமிடத்துக்கு 32 மில்லிலீற்றர்தான் வடிக்கிறது. தசை வற்றிய உடம்பில் கிரியேற்றினின் குறைவாகத்தான் ஊறும், அதனால் றிப்போட் ஏமாற்றும். வடிக்கும் அளவு 45க்குக் கீழே போனால் சீனி மருந்தான மெற்ஃபோமினைக் குறைக்க வேண்டும், 30க்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும். வார்ட்டுக்கு மருந்தாளர் வந்துபோகும் இடங்களில் இந்தக் கணக்கைப் போட்டு டொக்டரிடம் சொல்வார். மாற்றி எழுதுவது டொக்டர்தான்.

எல்லா வார்ட்டுக்கும் மருந்தாளர் வருவதில்லை. அதனால் நீங்களே ஆஸ்பத்திரி பாமசிக்குப் போங்கள். கிளினிக் நாள் காலையில் ஜன்னலில் நெரிசல். மத்தியானத்துக்குப் பிறகு போவது நல்லது. கிளினிக் கொப்பி, அட்டை, இரண்டு பொதிக் குளிசை, அப்பாவின் நிறை எல்லாம் கொண்டுபோய், “இதில் எதை நிறுத்தினவை, ஏன்?” என்று கேளுங்கள். பதிலை அட்டையிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தடிமனுக்குக் கடையில் வாங்கியதையும் வைத்தியர் தந்த கசாயப் போத்தலையும் அதே சொப்பிங் பாக்கில் போடுங்கள். பேச்சு விழும் என்று பயந்துதான் பலர் அவற்றை வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள்.