"என்னிடம் என்ன குறை?"

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகி 13 ஆண்டுகள் ஆகின்றன. உடன் பணிபுரியும் பெண்ணோடு என் கணவருக்கு ஓராண்டாக இருந்த தொடர்பு மூன்று மாதங்களுக்கு முன் தெரியவந்தது. அழுது மன்னிப்புக் கேட்டார், தொடர்பையும் முறித்துக்கொண்டார். "உன்னிடம் எந்தக் குறையும் இல்லை" என்கிறார். குறை இல்லையென்றால் ஏன் போனார்? இப்போதும் இரவு இரண்டு மணிக்கு விழித்து அவருடைய கைப்பேசியைத் துழாவுகிறேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: சகோதரி, உங்கள் கணவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அமெரிக்க உளவியலாளர் ஷெர்லி கிளாஸ், தாமஸ் ரைட்டுடன் இணைந்து 1985இல் வெளியிட்ட ஆய்வில், மணவாழ்வுக்கு வெளியே உறவு கொண்ட ஆண்களில் 56 சதவீதத்தினரும் பெண்களில் 34 சதவீதத்தினரும் தங்கள் மணவாழ்வு மகிழ்ச்சியாகவே இருப்பதாகத் தெரிவித்திருந்தனர். வீட்டில் குறை இருந்தால்தான் ஒருவர் வெளியே போவார் என்று நம் ஊரில் காலங்காலமாகச் சொல்லிவருவது, பாதிக்கப்பட்டவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் பேச்சு. அதை நான் ஏற்பதில்லை.

பெரும்பாலும் இது ஒரே நாளில் எடுக்கும் முடிவாக இருப்பதில்லை. மதிய உணவு வேளையில் அலுவலக மனத்தாங்கலைப் பகிர்வதில் தொடங்கும். பிறகு வீட்டு மனத்தாங்கலும் அங்கே போய்ச் சேரும். ஒரு நாள், வீட்டுக்குள் நுழையும் முன் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, அன்றைய செய்திகளை ஒவ்வொன்றாக அழிக்கும் பழக்கம் வரும். எல்லை தாண்டப்படுவது அந்த வாசலில்தான் என்று நான் நினைக்கிறேன். கணவன் மனைவிக்கிடையே சன்னலும் வெளியாரை நோக்கிச் சுவரும் இருக்க வேண்டும், துரோகத்தில் இவை இரண்டும் இடம் மாறிவிடுகின்றன என்று கிளாஸ் விளக்கினார். தான் நல்லவன் என்ற நினைப்போடு தான் செய்யும் காரியம் முட்டும்போது, மனம் "வெறும் நட்புதானே" என்று சமாதானம் தேடிக்கொள்ளும். பொய் சொல்லத் தெரியாதவர் என்று நீங்கள் நம்பியவர் ஓராண்டு பொய்யோடு வாழ முடிந்தது இப்படித்தான்.

உங்களுக்குப் புத்தி பேதலிக்கவில்லை. விபத்தில் தப்பியவர் வண்டிச் சத்தம் கேட்டாலே துணுக்குறுவதைப் போன்றதுதான் உங்கள் இரவு இரண்டு மணி விழிப்பும். எனவே முதலில் அதிர்ச்சி தணிய வேண்டும். நடந்தது ஏன் என்று இருவரும் புரிந்துகொள்வது அதற்குப் பிறகு. சேர்ந்து வாழ்வதா, பிரிவதா என்ற முடிவு கடைசியில்தான். உடனே மன்னித்துவிடுமாறு அவசரப்படுத்தும் உறவினர்களுக்கு நீங்கள் இணங்க வேண்டியதில்லை. பரத்தையிடமிருந்து திரும்பும் தலைவனை உள்ளே விட மறுக்கும் மருதத் திணைத் தலைவிக்காக "வாயில் மறுத்தல்" என்று ஒரு துறையையே வைத்திருந்த இலக்கியம் நம்முடையது.

கைப்பேசியை நீங்கள் இரவில் துழாவ வேண்டாம். அவரே பகலில் திறந்து உங்கள் கையில் தரட்டும். குடும்பநல ஆலோசகர் ஒருவர் முன்னிலையில் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "முதல் செய்தியை அழித்தபோது உங்களுக்குள் என்ன சொல்லிக்கொண்டீர்கள்?" அவர் தயங்கினால் காத்திருங்கள், அந்தப் பதிலைத் தேடி எடுக்க வேண்டியவர் அவர்தான்.