பழைய பைக்கின் பேக்கிங்: எதை மாற்றுவது, எதை மீண்டும் போடுவது?

கேள்வி: ஐயா, என் தந்தை ஓட்டிய 1979 மாடல் புல்லட் 350-இன் ஹெட்டை (சிலிண்டரின் மேல் மூடியை) கழற்றினேன். உள்ளே செம்பு கேஸ்கட், அதாவது இணைப்பை அடைக்கும் பேக்கிங், இருக்கிறது, கிழிசல் எதுவும் இல்லை. அதையே திரும்பப் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் கழற்றியபடியே போடக் கூடாது. முதலில் அதன் இரு பக்கங்களையும் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். சிலிண்டர் துளையின் ஓரத்திலிருந்து வெளி விளிம்பை நோக்கியோ, புஷ் ராட் (வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பி) செல்லும் வழியை நோக்கியோ கரிக்கோடு ஓடியிருந்தால், எரிந்த வாயு அந்த வழியாகக் கசிந்திருக்கிறது என்று பொருள். அப்போது பழுது கேஸ்கட்டில் மட்டும் இருக்காது, ஹெட்டின் முகமும் கோணியிருக்கலாம். கோடு இல்லையென்றால், செம்பை மீண்டும் மென்மையாக்கிவிட்டுப் பயன்படுத்தலாம். ஒருமுறை நசுங்கிய செம்பு கெட்டிப்பட்டுவிடுவதால், முகங்களில் உள்ள நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் இறங்கி அது அடைக்காது.

நிழலான இடத்தில் வைத்து, ப்ளோ லேம்ப்பின் தீயை வட்டமாக நகர்த்திக்கொண்டே காய்ச்சுங்கள். முதலில் செம்பின் மேல் பல நிறங்கள் ஓடும், பிறகு கறுக்கும், அதன்பின் மங்கலான சிவப்பு தோன்றும். அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். செம்பு 1085 டிகிரி செல்சியஸில் உருகும் என்றாலும், மெல்லிய தகட்டில் தீயை ஒரே இடத்தில் நிறுத்தினால் ஓரம் உருகிப்போக அதிக நேரம் ஆகாது. தண்ணீரில் போட்டு ஆற்றினாலும் தானாக ஆறவிட்டாலும் செம்பு மென்மையாகவே இருக்கும்; தண்ணீரில் போட்டால் கறுப்புச் செதில் உதிர்ந்துவிடும் என்பதால் நான் அதையே செய்கிறேன். காய்ச்சுவதற்கு முன் தட்டினால் விறைப்பாக ஒலித்த தகடு, இப்போது ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் துவண்டு தொங்கும். அதுவே சரியான பதம்.

கேள்வி: என்னுடையது செம்பு அல்ல, கறுப்பு நாரும் உலோகத் தகடும் சேர்ந்த சாதாரண ஹெட் பேக்கிங். மாட்டி ஒரு மாதம்தான் ஆயிற்று. அதையும் மீண்டும் போடலாமா?

பதில்: வேண்டாம். அந்த நார் நசுங்கி இடத்தை அடைப்பது ஒரே ஒரு முறைதான். ஹெட்டைத் தூக்கியபின் அதன் பழைய கனம் திரும்பாது. இன்னொன்றையும் அக்கறையோடு சொல்கிறேன். பழைய காலத்து ஹெட் பேக்கிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. முகத்தில் ஒட்டியிருக்கும் மிச்சத்தை உலர்ந்த நிலையில் எமரி தாளால் தேய்க்காதீர்கள், வயர் பிரஷ்ஷும் போடாதீர்கள். எண்ணெயில் நன்றாக ஊறவைத்து, ஈரமாகவே மழுங்கிய தகட்டால் சுரண்டி எடுங்கள்.

கேள்வி: யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கில் சிலிண்டருக்கு அடியில் இருக்கும் பேப்பர் பேக்கிங் கிழியாமல் வந்துவிட்டது. கிரீஸ் தடவிப் போட்டால் என்ன?

பதில்: கிளட்ச் கவரின் பேப்பர் கிழியாமல் வந்தால், அவசரத்துக்குக் கிரீஸ் தடவிப் போட நானும் ஒப்புக்கொள்வேன், தவறினால் சில சொட்டு ஆயில்தான் ஒழுகும். டூ ஸ்ட்ரோக் இன்ஜினின் சிலிண்டர் அடி பேக்கிங் அப்படிப்பட்டதல்ல. பிஸ்டன் மேலேறும்போது கிராங்க் கேஸுக்குள் (சிலிண்டருக்கு அடியில், கிராங்க் சுழலும் கூட்டுக்குள்) உறிஞ்சும் விசை உண்டாகிறது. அடியில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் அது வெளிக்காற்றை இழுத்துக்கொள்ள, கலவையில் பெட்ரோலின் பங்கு குறைந்து, இன்ஜின் சூடேறி, நெடுஞ்சாலையில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் ஓட்டம் தாமதமாகவே தணிந்தால் அந்த இணைப்பைச் சந்தேகியுங்கள். ஐட்லிங்கில் ஓடவிட்டு இணைப்பின் மேல் சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்; ஓட்டம் மாறினால் கசிவு அங்கேதான். புதிய பேப்பரும் அதே கனத்தில் இருக்க வேண்டும். கனம் கூடினால் சிலிண்டர் உயர்ந்து, போர்ட் (சிலிண்டர் சுவரில் வாயு செல்லும் துளை) திறக்கும் நேரமும் கம்ப்ரஷனும் மாறிவிடும்.

கேள்வி: எஸ்டி (Yezdi) பைக்கின் பக்கவாட்டுக் கவருக்குப் பேக்கிங் எங்கும் கிடைக்கவில்லை. கையால் வெட்டலாமா?

பதில்: தாராளமாக வெட்டலாம். சென்னையில் இருப்பவர்கள் புதுப்பேட்டையில் ஒருமுறை தேடிப் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் அங்கேயே பேக்கிங் பேப்பரைத் தாளாக வாங்கிக்கொள்ளுங்கள். அரை மில்லிமீட்டர் கனம் பெரும்பாலான கவர்களுக்குப் போதும். தாளைக் கவரின் மேல் பரப்பி, முதலில் எதிரெதிரான இரண்டு போல்ட் துளைகளின் மேல் பழைய பேரிங்கின் உருண்டையை வைத்து மெதுவாகத் தட்டினால், துளை வட்டமாக வெட்டுப்படும். அவற்றில் போல்ட்டை நுழைத்துத் தாள் நகராமல் செய்தபின், உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பு நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். ஓங்கி அடித்தால் அலுமினிய விளிம்பு காயப்படும். தாளில் கோடு விழும் அளவுக்குத் தட்டி, மிச்சத்தைக் கத்தரியால் வெட்டுவதே நல்லது.

கேள்வி: பேக்கிங்கே இல்லாமல், ட்யூபில் வரும் சிலிகான் பசையை மட்டும் தடவினால் போதும் என்கிறார்களே?

பதில்: இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பட்டறைக்கு வந்த ஒரு புல்லட்டின் ஆயில் வடிகட்டி வலையை நான் கழற்றியபோது, மண்புழுவைப் போன்ற சிலிகான் துண்டுகள் அதில் சுற்றிக் கிடந்தன. வெளியே பிதுங்கும் பசை நம் கண்ணில் படுகிறது. அதே அளவு உள்ளேயும் பிதுங்கி, காய்ந்து, அறுந்து ஆயிலோடு போகிறது. பழைய புல்லட்டின் டைமிங் கவர் வழியாகத்தான் கிராங்க்குக்கு ஆயில் செல்கிறது. அந்தத் துளையைப் பசை அடைத்தாலும், துளை வெட்டாத பேக்கிங் மறைத்தாலும், பிக் எண்ட் (கனெக்டிங் ராட் கிராங்க்கோடு சேரும் பேரிங்) வறண்டு தேய்ந்துவிடும். பசை வேண்டியே இருந்தால், பேப்பரின் ஒரு பக்கம் மட்டும் மெல்லிய பூச்சாக, துளைகளைச் சுற்றிச் சிறிது இடம் விட்டுத் தடவுங்கள்.

கேள்வி: எல்லாப் பேக்கிங்கும் புதிது. இருந்தும் என் புல்லட்டில் எல்லா இணைப்புகளிலும் ஆயில் கசிகிறது.

பதில்: எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் கசிந்தால் பேக்கிங்கைக் குறை சொல்லாதீர்கள், இன்ஜினின் காற்றுப்போக்கியான ப்ரீதரைப் பாருங்கள். பிஸ்டன் கீழிறங்கும்போது கிராங்க் கேஸ் காற்று வெளியேற வேண்டும். ப்ரீதரில் வாத்தின் அலகு போன்று இருக்கும் ரப்பர் வால்வு காய்ந்து ஒட்டிக்கொண்டாலோ குழாய் மடங்கியிருந்தாலோ, அழுத்தம் ஏறிக் கிடைத்த சந்திலெல்லாம் ஆயிலைத் தள்ளும். அந்த ரப்பரை மாற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். கிளட்ச் இருக்கும் செயின் கவர் மட்டும் கசிந்தால் காரணம் வேறு: நடுவிலுள்ள ஒற்றை நட்டை அளவுக்கு மீறி இறுக்கியதால் கவர் வளைந்து, சுற்றியுள்ள ரப்பர் வளையம் சரியாக அமராமல் போயிருக்கும்.

கேள்வி: புதிய ஹெட் பேக்கிங் போட்டபின் மறுபடியும் இறுக்க வேண்டுமா?

பதில்: ஆம். பேக்கிங் அமர்வதால் நட்டுகள் தளரும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின், இன்ஜின் முழுவதும் ஆறிய நிலையில், குறுக்கு மறுக்காகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஹெட் கீழே இறங்கியதால் டாப்பெட் இடைவெளியும் (வால்வைத் தள்ளும் பாகங்களுக்கு இடையே விடும் சிறு இடைவெளி) குறைந்திருக்கும். எனவே இரண்டு வால்வும் மூடியிருக்கும் கம்ப்ரஷன் நிலையில் வைத்து, புஷ் ராட் விரலால் தடையின்றிச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது என்னும் அளவுக்கு டாப்பெட்டைத் திருத்திக்கொள்ளுங்கள்.