கரிசலில் எம்-சாண்ட் அடித்தால் மண் பொலபொலக்குமா?

கேள்வி: அருப்புக்கோட்டைப் பக்கம் 20 சென்ட் கரிசலில் கத்தரி, வெண்டை போடலாம் என்று இருக்கிறேன். தண்ணீர் விட்டால் இரண்டு நாளானாலும் வடியவில்லை, காய்ந்தால் பாறை. கிரஷரில் எம்-சாண்ட் மலிவாகக் கிடைக்கிறது, 3 யூனிட் அடித்து உழுதுவிட்டால் இறுக்கம் குறையுமா? மச்சானின் செவல் காட்டில் நேர்மாறாக, விடுகிற தண்ணீர் தங்குவதே இல்லை. அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: வேண்டாம் அண்ணாச்சி, லோடு இன்னும் வரவில்லை என்றால் இப்போதே நிறுத்திவிடுங்கள்.

கரிசல் என்றால் பெரும்பாலும் களி. களியும் மணலும் கலந்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு நல்ல மண் கிடைக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி நடக்காது. ஒரே அளவுள்ள உருண்டைக் கற்களைக் கொட்டி வைத்தால் நடுவில் சுமார் 40 சதவீதம் காலி இடம் இருக்கும், கல் பெரிதாக இருந்தாலும் சரி, கடுகளவு இருந்தாலும் சரி, இந்த சதவீதம் பெரிதாக மாறாது. மாறுவது ஒவ்வொரு சந்தின் அகலம். 1 மில்லிமீட்டர் சந்து தண்ணீரை 3 சென்டிமீட்டர் உயரத்துக்குத்தான் பிடித்து வைக்கும், அதற்கு மேல் உள்ளது வடிந்துவிடும், சந்து 0.03 மில்லிமீட்டர் என்றால் 1 மீட்டர் உயரம் வரை விடாது. கரிசலின் மொத்தக் காலி இடம் 50 சதவீதம் வரைகூட இருக்கும், மணலைவிட அதிகம்தான், ஆனால் பெரும்பாலும் இந்த மாதிரி நுண்ணிய சந்துகள். தண்ணீர் வடியாமல் நிற்பது அதனால்தான்.

இதில் மணலைக் கொஞ்சமாகப் போட்டால் என்ன ஆகும்? வடை மாவில் போட்ட முழுப் பருப்பு மாதிரி ஒவ்வொரு மணலும் களிக்குள் தனித்தனியாகப் புதைந்து கிடக்கும். மணலும் மணலும் தொட்டால்தானே நடுவில் பெரிய சந்து வரும்? தொடாதவரை, சந்துள்ள களி இருந்த இடத்தில் சந்தே இல்லாத கல்லை வைக்கிறீர்கள், அவ்வளவுதான். மணலைக் கூட்டிக்கொண்டே போனால் மண்ணின் காலி இடம் குறைந்துகொண்டே வரும், மணல்கள் ஒன்றையொன்று தொட்டு, சந்தெல்லாம் களி நிரம்பியிருக்கும் கட்டத்தில் மொத்தம் 20 சதவீதத்துக்கு வந்து நிற்கும். அதுதான் ஆக மோசமான நிலை. அதைத் தாண்டிய பிறகுதான் மணல் போட்டதற்குப் பலன் ஆரம்பிக்கும்.

உங்கள் 20 சென்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மேல் 15 சென்டிமீட்டர் மண்ணே ஏறக்குறைய 160 டன். 3 யூனிட் என்பது சுமார் 13 டன், பரப்பினால் 1 சென்டிமீட்டர் கனம், எடையில் 8 சதவீதம். அந்தக் கட்டத்தைத் தாண்ட மணல் எடையில் முக்கால் பங்கு ஆக வேண்டும், அதற்கு 100 யூனிட்டுக்கு மேல் தேவை, உங்கள் மண்ணில் ஏற்கனவே இருக்கும் மணலைக் கழித்தாலும் 60, 70 யூனிட்டுக்குக் கீழே இறங்காது. 3 யூனிட்டால் பெரிய கெடுதலும் வராது, பலனும் வராது, காசுதான் போகும்.

அதிலும் எம்-சாண்ட். ஆற்று மணல் உருண்டு தேய்ந்தது, இது உடைத்த கல், கூர்முனையும் தட்டைச் சில்லும் தூசியும் கலந்து வரும். கொட்டிய குவியலில் லூசாகத் தெரியும், ஆனால் தண்ணீரும் மிதியும் பட்டதும் தூசி சந்துக்குள் இறங்கி, கூர்முனைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். ரோட்டுக்கு அடித்தளம் போடுகிறவர்கள் பல அளவு ஜல்லியும் தூசியும் கலப்பது இந்த இறுக்கம் வேண்டும் என்றுதான்.

சரி, என்னதான் செய்வது? துகளை மாற்ற முடியாது, துகள்கள் சேர்ந்த குருணையை மாற்றலாம். 1 முதல் 5 மில்லிமீட்டர் குருணையாகக் களி ஒட்டிக்கொண்டால் குருணைகளுக்கு நடுவில் பெரிய சந்து, தண்ணீர் வடியும். குருணைக்குள் சின்ன சந்து, ஈரம் நிற்கும். அதை ஒட்டிப் பிடிப்பது மக்கும் சத்து, வேர், மண்ணில் உள்ள பூஞ்சை. முதலில் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு 4 கிலோ விதைத்து, 40, 45 நாளில் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுங்கள். பிறகு நன்றாக மக்கிய தொழு உரம் 2 டன். 1 மீட்டர் அகலத்தில் மேட்டுப்பாத்தி எடுத்து, பாத்திமேல் கால் வைக்காமல் நடுவாய்க்காலில் நடங்கள். பதம் பார்த்து உழுங்கள்; மண்ணை உருட்டினால் திரி மாதிரி நீளும் ஈரத்தில் உழுதால் இருக்கிற குருணையும் போய்விடும் (இந்தத் தப்பு நம் பக்கம் டிராக்டர் கிடைத்த நாளில் உழுவதால் வருவது). ஜிப்சம் எல்லாக் கரிசலுக்கும் மருந்தல்ல, மண் பரிசோதனையில் சோடியம் அதிகம் என்று வந்தால் மட்டும் போடுங்கள்.

அப்புறம் மச்சானின் செவல் காடு, மணல் அதிகமுள்ள செம்மண். அங்கே மட்டும் கலப்பது வேலை செய்யும், ஏனென்றால் அங்கே சேர்ப்பது களி. 1 மில்லிமீட்டர் மணல் ஒரு கிலோ எடுத்தால் அதன் மொத்த மேற்பரப்பு 2 சதுர மீட்டர் சொச்சம். களித்துகளோ 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது, அதுவும் தகடு வடிவம். கரிசலில் உள்ள வகைக் களி, அடுக்குகளின் உள்பரப்பையும் சேர்த்தால், ஒரு கிராமுக்கே 600 முதல் 800 சதுர மீட்டர், அதாவது உங்கள் தோட்டத்தில் முக்கால் பங்கிலிருந்து ஏறக்குறைய முழுத் தோட்டம் வரை! தண்ணீரும் உரமும் ஒட்டுவது இந்தப் பரப்பில்தான். ஏக்கருக்கு 40 டன் கண்மாய் வண்டல் அடித்தால் மேல்மண்ணில் 4 சதவீதம்தான் வரும், அதில் பாதிதான் களி என்று வைத்தாலும், கிராமுக்கு 100 சதுர மீட்டர் என்று குறைத்துப் போட்டாலும், ஒரு கிலோ மண்ணுக்கு 2000 சதுர மீட்டர் கூடுகிறது. மணலின் சந்தும் முழுக்க அடைபடாது.

வண்டலை ஈரமாகக் கொட்டி உழ வேண்டாம், கட்டி கட்டியாகவே கிடக்கும். வெயிலில் காய்ந்து வெடித்ததும் உடைத்து, விரல் கனத்துக்கும் குறைவாகப் பரப்பி, ஒரு மழைக்குப் பிறகு உழச் சொல்லுங்கள். எடுக்கும் முன் அந்தக் கண்மாய் மண்ணில் உவர் இருக்கிறதா என்று ஒரு மாதிரி கொடுத்துப் பார்த்துவிடட்டும்.