வெள்ளத் தடுப்பு, கடலரிப்புப் பணிகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? கேள்வி பதில்

ஏரி, வாய்க்கால், கடற்கரை என்று முப்பது வருடம் எஸ்டிமேட் போட்டு ஓய்வு பெற்ற பொறியாளன் நான். தமிழ்நாட்டில் இந்த வேலைகளுக்கு அரசுப் பணம் எந்த வழியில் வருகிறது, எங்கே நிற்கிறது என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். பட்டா, ஆக்கிரமிப்பு வழக்கு எல்லாம் வக்கீலிடம் கேட்க வேண்டியவை.

கேள்வி (கடலூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சித் தலைவர்): ஐயா, வருடா வருடம் ஐப்பசி, கார்த்திகையில் ஊருக்குள் தண்ணீர் வருகிறது. வந்தபிறகு நிவாரணம் தருகிறார்கள். வருமுன் ஒரு மதகு கட்டக் கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். ஏன்?

இரண்டும் ஒரே பையிலிருந்து வருவதில்லை. மத்திய, மாநில அரசுகளுக்கிடையே பணப் பங்கீட்டைப் பரிந்துரைக்கும் 15-வது நிதிக்குழு, 2021-26 காலத்துக்கு மாநிலப் பேரிடர் நிதியை இரண்டாகப் பிரித்தது. நூற்றுக்கு 80 நிவாரணம், 20 தணிப்பு, அதாவது வருமுன் காக்கிற வேலை. நாடு முழுவதற்கும் ஐந்து வருடத்துக்கு நிவாரணப் பக்கம் 1,28,122 கோடி, தணிப்புப் பக்கம் 32,031 கோடி. தணிப்பு நிதி வேண்டும் என்று 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்திலேயே இருக்கிறது, ஆனால் அதில் முறையாகப் பணம் விழுந்தது இந்த நிதிக்குழுவுக்குப் பிறகுதான். தமிழ்நாட்டுக்கு 2023-24-ல் நிவாரண நிதி 1,200 கோடி, அதில் 900 கோடி மத்தியப் பங்கு. அதே விகிதத்தில் தணிப்புக்கு 300 கோடி. 38 மாவட்டத்துக்கும் சமமாகப் பிரித்தால் மாவட்டத்துக்கு எட்டுக் கோடிகூட வராது. உங்கள் மதகு அந்த வரிசையில் நிற்கிறது.

வேறு வழிகளும் உண்டு. ஏரி நீர்வளத் துறையுடையது என்றால் மாநில நிதியிலோ நபார்டு என்ற ஊரக வளர்ச்சி வங்கியின் ஊரக உள்கட்டமைப்பு நிதியிலோ கேட்கலாம். நபார்டு தருவது கடன், மாநிலம் திருப்பிக் கட்ட வேண்டும், அதனால் பலன் பெறும் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், எத்தனை ஏக்கர் என்பதை எஸ்டிமேட்டில் தெளிவாகக் காட்டுங்கள். மத்திய அரசின் வெள்ள மேலாண்மைத் திட்டம் 2021-26 காலத்துக்குத் தமிழ்நாடு போன்ற பொதுப் பிரிவு மாநிலங்களுக்குச் செலவில் 60 சதவீதம் என்று வைத்தது. ஆனால் அது ஆற்றுக் கரை முழுவதற்குமான பெரிய வேலைகளுக்கு, ஒற்றை மதகுக்கு அங்கே போகாதீர்கள். 2021-26 காலத்துக்கான ஊராட்சி நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், சுகாதாரம், மழைநீர் சேமிப்பு என்று கட்டிவைத்த பணம். மீதி 40-ல் சிறு பாலம், சிறு வடிகால் செய்யலாம்.

அப்புறம் ஒன்று, இதை இன்று பலமுறை சொல்லப் போகிறேன்: அறிவிப்பு வேறு, அரசாணை வேறு. மேடையில் சொன்னதும் செய்தித்தாளில் வந்ததும் பணம் ஆகாது. நிர்வாக ஒப்புதல் அரசாணை எண்ணைக் கேளுங்கள். அது இருந்தால்தான் தொழில்நுட்ப அனுமதியும் டெண்டரும் வரும்.

கேள்வி: எங்கள் தெருவில் வடிகால் அடைத்துக்கொண்டிருக்கிறது. எந்தத் திட்டத்தில் கேட்கலாம்?

திட்டம் வேண்டாம். அது பராமரிப்பு வேலை, நகராட்சியில் புகார் எண் வாங்குங்கள்.

கேள்வி (விவசாயி, செங்கல்பட்டு): ஏரியைத் தூர்வார நிதி வராமலே கிடக்கிறது.

காத்திருக்காதீர்கள். வண்டல் மண்ணை விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் இலவசமாக எடுக்க 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார். குறித்த ஆழத்துக்கு மேல் தோண்டாதீர்கள், கரையடியைத் தொடாதீர்கள். நடுவில் பள்ளம் விழுந்த ஏரியில் மதகுக்குத் தண்ணீர் ஏறாது.

கேள்வி (வேளச்சேரி): சென்னைக்கு இத்தனை கோடி வந்ததே சார், பிறகும் ஏன் முழங்கால் தண்ணீர்?

தேசியத் தணிப்பு நிதியில் ஏழு பெருநகரங்களுக்கு 2,500 கோடி ஒதுக்கினார்கள், சென்னை, மும்பை, கொல்கத்தாவுக்கு ஆளுக்கு 500 கோடி. சென்னைப் படுகைக்கான 561 கோடி ரூபாய் திட்டம் 2023 டிசம்பரில்தான் ஒப்புதலானது, மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்துகொண்டிருந்த அதே வாரத்தில். வடசென்னையில் கொசஸ்தலையாற்றுப் படுகை வடிகால்களுக்கு ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன், கோவளம் படுகைக்கு ஜெர்மன் வங்கிக் கடன். பணம் வருகிறது, ஆனால் வங்கிக்கு ஒரு படுகை, துறைக்கு ஒரு துண்டு என்று வருகிறது. வடிகால் மாநகராட்சியுடையது, அது போய்ச் சேரும் கால்வாய் நீர்வளத் துறையுடையது. வடிகாலை அகலமாக்கிவிட்டுக் கால்வாயை அப்படியே விட்டால் தண்ணீர் உங்கள் தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு வேகமாகப் போகும், அவ்வளவுதான். நீங்கள் இருக்கும் இடம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரம். அந்தத் தண்ணீர் ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாக முட்டுக்காட்டில் கடலுக்குப் போக வேண்டும். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் மேலே எத்தனை கோடி போட்டும் பயனில்லை.

கேள்வி: 2023 வெள்ளத்துக்கு மாநிலம் கேட்டது 37,907 கோடி, மத்திய அரசு விடுவித்தது 276 கோடி. இது நியாயமா?

எனக்கும் கோபம்தான், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய வெள்ளம் அது. ஆனால் கட்சிச் சண்டை வேண்டாம். பேரிடர் நிவாரண விதிகள் உடனடித் தேவைக்கு இனம் இனமாக விலை வைத்தவை. இடிந்ததை உறுதியாகத் திருப்பிக் கட்டும் செலவு அதில் ஏறாது. அந்த விதி மாற வேண்டும் என்று கேளுங்கள்.

கேள்வி (புதுச்சேரிக்கு வடக்கே பிள்ளைச்சாவடி பக்கம், மீனவர் வீட்டுப் பிள்ளை): எங்கள் ஊருக்குத் தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டும் கல் தடுப்பு) போட எந்த நிதி சார்?

தம்பி, நிதியைப் பிறகு பார்ப்போம். உங்கள் மணல் எங்கே போனது தெரியுமா? நம் கிழக்குக் கரையில் வருடத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது, வாடைக் காலத்தில் மட்டும் திரும்புகிறது. 1980-களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கல் கொட்டியதும் அந்த ஓட்டம் மறிக்கப்பட்டது. வடக்கே நகரக் கடற்கரை போனது. அங்கே கல் போட்டார்கள், அதற்கு வடக்கே போனது. அப்படியே எல்லை தாண்டி உங்கள் ஊருக்கு வந்திருக்கிறது. சென்னையில் இதே கதை 1870-களில் துறைமுகம் தொடங்கியபோதே ஆரம்பம். தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் கரைந்தது.

அதே தம்பி: வரலாறு சரி சார். வீட்டுக்குப் பின்சுவர் போய்விட்டது. நீங்கள் ஊருக்குள் இருந்துகொண்டு கல் வேண்டாம் என்கிறீர்கள்.

கல்லே வேண்டாம் என்று சொல்லவில்லை. நானே ஓர் ஊருக்குக் கல் எஸ்டிமேட் போட்டிருக்கிறேன். அந்த ஊர் பிழைத்தது. மூன்றாவது வருடம் வடக்கே அடுத்த குப்பத்தின் வலைக்களம் போனது. அந்த ஊர்ப் பெரியவர் என் அலுவலக வாசலில் வந்து நின்றதை இன்றும் மறக்கவில்லை. பணம் ஊர்க்கணக்கில் வருகிறது, மணல் ஊர்க்கணக்கில் நகர்வதில்லை.

எண்ணூர் பக்கத்திலிருந்து ஒருவர்: எங்களுக்குத் தூண்டில் வளைவு வந்த பிறகுதான் சாலை மிஞ்சியது. அதைச் சொல்லுங்கள்.

சொல்கிறேன், உண்மைதான். ராயபுரத்துக்கு வடக்கே கல் போட்ட இடங்களில் சாலையும் வீடும் தப்பின, வளைவுகளுக்கிடையே சில இடங்களில் மணலும் சேர்ந்தது. வரிசை எங்கே முடிகிறதோ அதற்கு வடக்கே என்ன ஆனது என்பதையும் நீங்களே எழுதுங்கள்.

மற்றொருவர்: அப்படியானால் மாற்று என்ன? ஆராய்ச்சி முடியும்வரை கடல் காத்திருக்குமா?

காத்திருக்காது. புதுச்சேரியில் தலைமைச் செயலகம் எதிரே தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் ஆப்பு வடிவ இரும்புத் தடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, கல்லாகக் கிடந்த இடத்தில் மணற்பரப்பைத் திரும்பக் கொண்டுவந்தது. துறைமுக வாயில் சேரும் மணலை அள்ளி வடக்கே கொட்டுவது இன்னொரு வழி. அது ஒவ்வொரு வருடமும் செய்ய வேண்டிய வேலை, அங்கேதான் நம் நிதி முறை தடுக்கி விழுகிறது. கட்டப் பணம் கிடைக்கும், தொடர்ந்து மணல் அள்ளக் கிடைக்காது. கடற்கரை மேலாண்மைத் திட்டம் இல்லாமல் கல் கட்டுமானம் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயமும் 2022-ல் சொல்லிவிட்டது. தமிழ்நாடு 2023-ல் 2,000 கோடியில் உலக வங்கி உதவியுடன் நெய்தல் மீட்சி இயக்கம் என்ற கடலோர மீட்புத் திட்டத்தை அறிவித்தது. அதில் உங்கள் கரைக்கு அரசாணை வந்திருக்கிறதா என்று கேளுங்கள். அறிவிப்பு வேறு, அரசாணை வேறு.

கேள்வி: எங்கள் ஊர் கரைக்கு எந்த நிதியில் கேட்கலாம்?

ஏரிக்கரை என்றால் மேலே முதல் பதில். கடற்கரை என்றால் நெய்தல் மீட்சி பற்றிச் சொன்னது.

கேள்வி: தூண்டில் வளைவுக்கு மனு எழுத மாதிரி தர முடியுமா?

இது ஐந்தாவது முறை. மேலே இருப்பதைப் படித்துவிட்டு வாருங்கள். மாதிரி மனுவைவிட, பக்கத்துக் குப்பங்கள் இரண்டும் சேர்ந்து கையெழுத்திட்ட மனுவுக்கு மதிப்பு அதிகம்.

பிள்ளைச்சாவடி தம்பி: கோபமாகப் பேசிவிட்டேன் சார். ஒருநாள் வந்து பார்க்கிறீர்களா?

கோபத்தில் தப்பில்லை. வருகிறேன், வாடை ஓய்ந்து பங்குனியில் ஓட்டம் திரும்பும்போது. அதுவரை ஒரு வேலை செய்யுங்கள். மாதம் ஒருமுறை, அமாவாசை கழித்து ஒரே நேரத்தில், கோயில் படியிலிருந்து தண்ணீர் விளிம்பு எத்தனை அடி என்று அளந்து தேதியோடு நோட்டில் எழுதி வையுங்கள். படமும் எடுங்கள். பக்கத்து ஊர்ப் பிள்ளை ஒருவரையும் அதேபோல அளக்கச் சொல்லுங்கள், இரண்டு நோட்டையும் எடுத்துக்கொண்டு நாம் சேர்ந்து ஆட்சியர் அலுவலகம் போவோம்.