கல், ப்ராஸ்டேட், கட்டன் சாயா: ஸ்கேன் டாக்டர் பதில்கள்

கோத்தகிரி: இடது விலாவுக்குக் கீழே வலி. ஸ்கேனில் 'சிறுநீரகம் லேசாக வீங்கியிருக்கிறது, கல் தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறார்கள். கல் இல்லைதானே டாக்டர்?

அப்படி முடிவு கட்டாதீர்கள். சிறுநீரகத்துக்குள் இருக்கும் கல் பெரும்பாலும் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும், பின்னால் கறுப்பாக நிழல் விழும். மூத்திரப்பை வாசலுக்கு வந்துவிட்ட கல்லையும், பை நிறைந்திருந்தால் பிடித்துவிடலாம். சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்கும் குழாயின் நடுப்பகுதியில்தான் தகராறு. முன்னால் குடல், குடலில் காற்று. காற்று இருந்தால் ஒலி அலை உள்ளே போகாது. ஆனால் அடைப்பு இருந்தால் மேலே சிறுநீர் தேங்கும். உங்கள் வீக்கம் அதுவாக இருக்கலாம். மூத்திரத்தை அடக்கிக்கொண்டு படுத்தாலும் சில சமயம் இப்படித் தெரியும். போய்விட்டு வந்தபின் மறுபடி பார்த்தார்களா என்று கேளுங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் மை (கான்ட்ராஸ்ட் மருந்து) செலுத்தாத சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள்.

வலியோடு குளிர்காய்ச்சல் வந்தால் மட்டும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். அடைத்த சிறுநீரகத்தில் கிருமி சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

குன்னூர்: ஸ்கேனுக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?

ஒரு மணி நேரம் முன்பு நான்கைந்து டம்ளர். தாங்க முடியாமல் முட்டும் அளவுக்கு வேண்டாம்.

லவ்டேல்: அப்பாவுக்கு ப்ராஸ்டேட் 48 கிராமாம். புற்றுநோயா?

ப்ராஸ்டேட் ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. அதன் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 0.52-ஆல் பெருக்கினால் வரும் கணக்கு அது. அதை வைத்துப் புற்றுநோய் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. மூத்திரம் போனபின் பையில் மீதி எவ்வளவு என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். 20 மில்லியா, 200 மில்லியா என்பதுதான் முக்கியம். பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை பற்றி சிறுநீரக அறுவை மருத்துவரிடம் கேளுங்கள்.

மஞ்சூர்: டீ அதிகம் குடித்தால் கல் வருமா?

சிறுநீரில் அதிகமானால் கல்லாகக்கூடிய ஆக்சலேட் என்ற பொருள் தேயிலையில் உண்டு. பால் சேர்த்தால் அதன் கால்சியம் குடலிலேயே அதில் கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கூடலூர்: எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பால் சேர்க்காத கட்டன் சாயாதான். யாருக்கும் கல் இல்லை. சும்மா பயமுறுத்தாதீர்கள்!

சந்தோஷம். ஆனால் ஒரு வீட்டுக் கதையை வைத்து ஊருக்கு விதி எழுத முடியாது. நான் டீயை நிறுத்தச் சொல்லவே இல்லை. குளிரில் தாகம் தெரியாது, தண்ணீர் உள்ளே போகாது. எனக்கு டீயை விட அதுதான் கவலை.

மஞ்சூர்: கொழுந்து பறிக்கிற இடத்தில் கக்கூஸ் இல்லை சார். தண்ணீர் குடித்தால் எங்கே போவது?

இதற்கு என் மெஷினில் பதில் இல்லையம்மா. வேலை முடிந்ததும் நிறையக் குடியுங்கள். கக்கூஸை நீங்கள் எல்லோரும் சேர்ந்து எஸ்டேட்டில் கேட்டே ஆக வேண்டும். கட்டன் சண்டையை விட்டுவிட்டு கூடலூர்க்காரரும் இதற்குக் குரல் கொடுக்கலாம்.

ஊட்டி: ஸ்கேனுக்குத் தண்ணீர் எத்தனை டம்ளர் குடிக்கணும்?

மேலே குன்னூருக்குச் சொன்னதில் இருக்கிறது.

குந்தா: 14 வயது மகனுக்கு இரண்டு மணி நேரமாக ஒரு பக்க விதையில் கடும் வலி, வாந்தி. நாளை ஸ்கேனுக்கு வரலாமா?

நாளை கூடாது. விதை முறுக்கியிருந்தால் 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்தால்தான் காப்பாற்ற நல்ல வாய்ப்பு. டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டம் பார்க்கலாம். அதற்காகக் காத்திருந்து நேரத்தை விடக் கூடாது. அறுவை மருத்துவர் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு இப்போதே கிளம்புங்கள். பையனுக்குச் சாப்பிட, குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள்.