இங்கிலாந்தில் நிறுவனங்கள் லெவி பணத்தை அப்ரண்டிஸ் பயிற்சிக்கு எப்படிச் செலவிடுகின்றன?

உங்கள் வீட்டில் பள்ளி முடித்த பிள்ளை இருக்கிறது, ஏதோ ஒரு நிறுவனம் "அரசின் லெவி பணத்தில் பயிற்சி தருகிறோம்" என்று சொல்லியிருக்கிறது, நம்பலாமா என்று யோசிக்கிறீர்கள். இப்படி ஒரு கேள்வி எழக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். இங்கிலாந்தில் உணவுப் பொருள்களைப் பொட்டலம் போடும் ஓர் ஆலையில் பதினோரு ஆண்டுகளாகச் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். இந்தப் பணம் மாதாமாதம் என் மேசையைத் தாண்டித்தான் போகிறது.

அப்ரண்டிஸ் என்றால் சம்பளத்தோடு வேலை பார்த்தபடியே தொழில் கற்பவர். முதலில், லெவி என்பது அரசு தரும் இனாம் அல்ல, பெரிய நிறுவனங்கள் கட்டும் பயிற்சி வரி. 2017 ஏப்ரல் முதல், ஆண்டுச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்கள் அதில் 0.5 சதவீதத்தை வருவாய்த் துறைக்குக் கட்டுகின்றன. கட்ட வேண்டிய தொகையில் ஆண்டுக்கு 15,000 பவுண்டு கழிவு உண்டு. எங்கள் சம்பளச் செலவு அப்போது ஏறத்தாழ 60 லட்சம். கழிவு போக மாதம் 1,250 பவுண்டு கட்டினோம். அது நிறுவனத்தின் பயிற்சிக் கணக்கில் வந்து சேரும், அப்போது அரசு அதன்மேல் 10 சதவீதம் போட்டது. பயிற்சிக்கும் தேர்வுக்கும் மட்டுமே எடுக்கலாம், சம்பளத்துக்கு ஒரு பென்னிகூட எடுக்க முடியாது. அப்போதைய விதிப்படி 24 மாதத்துக்குள் செலவழியாத தொகை காலாவதியாகிவிட்டது.

கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. பணம் வீணாகிவிடக்கூடாது என்ற அவசரம் ஒரு பக்கம். புதிதாக ஒரு பிள்ளையை எடுத்தால் சம்பளம் தர வேண்டுமே என்ற கணக்கு மறுபக்கம். ஏற்கெனவே சம்பளம் வாங்கும் மேலாளரையே அப்ரண்டிஸாகப் பதிவு செய்தால் இரண்டும் தீர்ந்தன. விதியும் அதற்கு இடம் கொடுத்தது. 2022-இல் எங்கள் மேலாளர்கள் இருவர் ஏழாம் நிலை (முதுகலைப் பட்டத்துக்கு இணையானது) 'சீனியர் லீடர்' பயிற்சியில் சேர்ந்தார்கள். ஆளுக்கு 14,000 பவுண்டு. இரண்டு ஆண்டில் எங்கள் கணக்கில் அப்போது சேர்ந்ததே 33,000 தான்.

அதே ஆண்டு, பொட்டலம் அடுக்கும் வேலையில் ஒரு தமிழ்ப் பையன் இருந்தான், வயது பத்தொன்பது. சம்பளச் சீட்டில் சந்தேகம் கேட்க என்னிடம் வருவான். ஒருநாள் சீட்டை மடித்துக்கொண்டே, "அக்கா, மூணாம் கன்வேயர்ல பேரிங் போகப்போகுது, சத்தம் மாறியிருக்கு" என்றான். இரண்டு நாளில் அந்த கன்வேயர் நின்றது. இயந்திரப் பராமரிப்பு அப்ரண்டிஸாகச் சேர்க்கும்படி அவன் மனுக் கொடுத்தான். மனிதவளத் துறையிலிருந்து வந்த பதில்: "லெவி கணக்கில் பணம் இல்லை."

அது சரியான பதில் அல்ல. கணக்கு காலியானாலும், அப்போதைய விதிப்படி பயிற்சிச் செலவில் நிறுவனம் 5 சதவீதம் கட்டினால் போதும், அந்தப் பயிற்சிக்கு அரசு வைத்த உச்சவரம்புக்குள் மீதி 95 சதவீதத்தை அரசு தரும். 25 வயதுக்குக் கீழ்ப்பட்ட அப்ரண்டிஸுக்குக் குறிப்பிட்ட சம்பள வரம்பு வரை முதலாளி தரப்புத் தேசியக் காப்பீட்டுத் தொகையும் கட்ட வேண்டியதில்லை. இவற்றை மின்னஞ்சலில் எழுதி அனுப்பினேன். கூப்பிட்டு, சம்பளப் பிரிவு சம்பளத்தைப் பார்த்தால் போதும் என்றார்கள். பையன் நான்கு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டான்.

"மேலாளருக்குப் பயிற்சி கூடாதா?" என்று யாராவது கேட்பீர்கள். கூடாது என்று நான் சொல்லவே இல்லை. பயிற்சி பெற்ற ஒருவர் உண்மையிலேயே நன்றாக மாறினார். எல்லா நிறுவனங்களும் இப்படி என்றும் சொல்லவில்லை. ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகளையே எடுத்து வளர்ப்பவர்கள் உண்டு. பத்தொன்பது வயதுப் பையனுக்குக் கதவு அடைபட்டதுதான் என் வருத்தம். 2026 ஜனவரி முதல், ஏழாம் நிலையில் புதிதாகச் சேரும் 22 வயது நிரம்பியவர்களுக்குப் பொதுவாக இந்தப் பணம் கிடையாது என்று ஆக்கியிருக்கிறார்கள். நல்ல காரியம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். என் மகள் கணக்கியல் அப்ரண்டிஸாகச் சேர்ந்தபோது ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உறவுக்காரர் ஒருவர், "ஏன், பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லையா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். அவள் முகம் சுருங்கியது எனக்கு இன்னும் ஆறவில்லை. கடனில்லாமல், சம்பளம் வாங்கிக்கொண்டு படிக்கிற பிள்ளையைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுக்கு 9,000 பவுண்டுக்கு மேல் கடன் வாங்குவதுதான் கௌரவமா?

உங்கள் பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். லெவியா இல்லையா என்பதை விட்டுவிடுங்கள், அது அவர்கள் கணக்கு. பயிற்சியின் பெயரையும் நிலையையும் எழுத்தில் வாங்குங்கள். வேலையிலிருந்து விலகிப் படிக்கும் நேரம் வாரத்தில் எந்த நாள், அதற்குச் சம்பளம் உண்டா என்று கேளுங்கள். அது சம்பளத்தோடு வேலை நேரத்துக்குள் வர வேண்டும் என்பது விதி. முதலாண்டு முடிந்து 19 வயதும் ஆகிவிட்டால், அப்ரண்டிஸுக்கான குறைந்த ஊதியம் பொருந்தாது, வயதுக்குரிய குறைந்தபட்ச ஊதியம் தர வேண்டும். சென்ற முறை எடுத்த பிள்ளைகளில் எத்தனை பேர் இப்போது அங்கே வேலையில் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். இதற்கு மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.